சுறா பேசலாம், பெண் பேசக் கூடாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் நூல் அறிமுகப் பகுதியைப் படித்தேன். கடற்கொள்ளைக் கப்பலுக்குக் கேப்டனாகும் பதினேழு வயதுப் பெண்ணைப் பற்றிய ஆங்கில இளையோர் நாவல். அதில் சுறா பேசுகிறதாம், செத்தவர்கள் கப்பல் ஓட்டுகிறார்களாம். இதெல்லாம் உங்கள் விமர்சகருக்குச் சரியாகவே பட்டிருக்கிறது. முரட்டு மாலுமிகள் ஒரு பெண்ணின் சொல்லுக்குக் கட்டுப்படுவதுதான் "நம்பும்படியாக இல்லை" என்று எழுதியிருக்கிறார்.

தாங்கள் அறியாததல்ல. தென்சீனக் கடலில் செங் யி என்ற கொள்ளைத் தலைவன் 1807-ல் இறந்ததும், அவன் மனைவிதான் கூட்டத்தைக் கையில் எடுத்தார். நூற்றுக்கணக்கான கப்பல்கள். உத்தரவை மீறினால் தலை போகும் என்பது அங்கே சட்டம். சீன அரசாலும் போர்த்துக்கீசியராலும் அடக்க முடியவில்லை. கடைசியில் 1810-ல் அவரே ஆயுதமில்லாமல் கான்டன் என்ற சீனத் துறைமுக நகருக்குப் போய், ஆளுநரிடம் பேரம் பேசி மன்னிப்பு வாங்கினார். வயதாகி, 1844-ல்தான் இறந்தார்.

ஆன் பானி, மேரி ரீட் என்ற இரண்டு கடற்கொள்ளைக்காரப் பெண்கள் மீதும் 1720-ல் ஜமைக்காவில் வழக்கு நடந்தது. அவர்களிடம் சிக்கிய படகுக்காரப் பெண் ஒருத்தி சாட்சி சொன்னாள்: ஆண்களின் சட்டை, நீளக் கால்சட்டை, தலையில் கட்டிய கைக்குட்டை, கையில் கத்தியும் துப்பாக்கியும். போதாததற்கு, 'இவளைக் கொன்றுவிடுங்கள்' என்று ஆண்களைத் தூண்டியதும் அந்த இருவர்தானாம். தங்கமான பெண்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நம்ப முடியாதவர்கள் இல்லை என்கிறேன், அவ்வளவுதான்.

நான் பள்ளி நூலகத்தில் காலம் தள்ளியவள். கப்பல், புதையல், வாள்சண்டை என்று அட்டையில் இருந்தால் பெண் பிள்ளைகள்தான் முதலில் வந்து நிற்பார்கள். ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி, யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்ற பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "பொம்பளப் பிள்ளைங்களுக்கு ஏம்மா இதெல்லாம்? கோலப் புத்தகம் வாங்கிப் போடுங்க" என்றார். ஆண்டு விழாவில் பரிசுப் புத்தகம் கொடுக்கும்போதும் அதே கதைதான். பையன்களுக்குச் சாகசக் கதை, பெண்களுக்கு நீதிக்கதை.

உங்கள் இதழ் மட்டும் என்னவாம்? கோடை விடுமுறைப் பட்டியலில் 'சிறுவர்களுக்கு', 'சிறுமிகளுக்கு' என்று இரண்டு கட்டம் போட்டீர்கள். சிறுமிகள் கட்டத்தில் ஒரு கப்பல்கூட இல்லை. அப்போதும் கடிதம் எழுதினேன். இடமில்லாமல் போயிருக்கும். பிறகு சிறுவர் பக்கமே காணாமல் போய், அங்கே ராசிபலன் இரண்டு பக்கமாக விரிந்துவிட்டது. கும்ப ராசிக்காரர் கடல் கடப்பார் என்பதை மட்டும் எல்லோரும் நம்பிவிடுகிறோம்.

விமர்சகர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை. நூல் அறிமுகத்தின் கீழே பதிப்பகம், விலை இரண்டையும் அச்சிடுங்கள், அது போதும். என் பேத்தி அந்த நாவல் வேண்டும் என்கிறாள். கடைக்காரரோ பதிப்பகத்தின் பெயர் இல்லாமல் தருவித்துத் தர முடியாது என்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி நூலகர்,
தஞ்சாவூர்