டிரைவரை மாற்றினால் சூடு தணியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேம் விளையாடும்போது கணினி கொதிக்கிறது என்று கேட்டிருந்த ஒரு வாசகருக்கு, 'கிராபிக்ஸ் கார்டின் டிரைவரை உடனுக்குடன் அப்டேட் செய்து வந்தால் இந்தப் பிரச்சினை வராது' என்று தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரே வரியில் பதில் தந்திருந்தீர்கள். கிராபிக்ஸ் கார்டு என்பது திரையில் படம் வரையும் பாகம்; டிரைவர் என்பது அதை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள். கணினி பழுது பார்ப்பது எனக்குத் தொழில். வேலை முடிந்த பிறகு விளையாடுவது பொழுதுபோக்கு. அதனால் அந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அதை நம்பிப் புது டிரைவரைப் போட்டுவிட்டு நிம்மதியாக விளையாடப் போகிறவர்கள் கடைசியில் என்னைப் போன்றவர்களின் மேசைக்குத்தான் வந்து சேருவார்கள்.

கார்டின் விசிறி எத்தனை டிகிரியில் எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்ற கணக்கு, கார்டிலேயே இருக்கும் பயாஸ் என்ற உள் நிரலில் எழுதப்பட்டிருக்கிறது. டிரைவரும் அதோடு வரும் மென்பொருளும் நினைத்தால் அந்தக் கணக்கை மாற்றலாம். ஆனால் பெரும்பாலான பதிப்புகள் அந்தப் பக்கமே போவதில்லை. புதிதாக வந்த கேம் ஒன்று சீராக ஓட ஏதாவது செய்திருப்பார்கள், பழைய பிழை ஒன்றைத் திருத்தியிருப்பார்கள், அவ்வளவுதான். அப்டேட் போட்டால் சூடு இறங்கும் என்று எதிர்பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு, விசிறி விவகாரத்தில் டிரைவர் கைவைத்த சில சமயங்களில் நடந்தது நேர்மாறு.

கிராபிக்ஸ் சிப்பு தயாரிக்கும் என்விடியா 2010 மார்ச்சில் வெளியிட்ட 196.75 என்ற டிரைவர் பதிப்பைப் பழைய ஆட்டக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விசிறி ஒழுங்காகச் சுழலாமல் கார்டு அளவுக்கு மீறிச் சூடாவதாகப் புகார்கள் குவிந்தன. கார்டே செத்துவிட்டது என்றவர்களும் உண்டு. இதைப் போட வேண்டாம் என்று கேம் தயாரிக்கும் பிளிஸார்டு நிறுவனமே தன் ஆட்டக்காரர்களை எச்சரித்தது. என்விடியா அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2015 நவம்பரில், போட்டி நிறுவனமான ஏஎம்டியின் முறை. கிரிம்ஸன் என்ற பெயரில் ஆரவாரமாக வந்த புது மென்பொருளைப் போட்டதும் சில கார்டுகளில் விசிறி 30 சதவீத வேகத்துக்கு மேல் ஏற மறுத்தது. கேம் உச்சத்தில் ஓடும், விசிறி மட்டும் சும்மா இருப்பதுபோல் மெதுவாகச் சுற்றும். சில நாள்களிலேயே திருத்தம் வந்துவிட்டது.

2025 ஏப்ரலில் நடந்தது இன்னும் நுட்பமானது. என்விடியாவின் 576.02 பதிப்பில், கணினி தூக்க நிலையிலிருந்து எழுந்த பிறகு, வெப்பநிலையைக் காட்டும் மென்பொருள்களில் அந்த எண் அப்படியே உறைந்து நின்றது. கார்டு 80 டிகிரியைத் தொட்டாலும் திரையில் பழைய எண்தான். அந்த எண்ணைப் பார்த்து விசிறியை இயக்கும்படி தனி மென்பொருளில் அமைத்து வைத்திருந்தவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அதே மாதத்தில் 576.15 என்ற அவசரத் திருத்தம் வந்தது.

இந்த மூன்று முறையும் மாட்டிக்கொண்டவர்கள் யார்? வந்த வேகத்தில் அப்டேட் போட்டவர்கள். அதாவது, தங்கள் பக்கம் சொன்னதை அப்படியே செய்தவர்கள். ஒரு வாரம் பொறுத்திருந்தவர்களில் பலருக்கு இப்படியொன்று நடந்ததே தெரியாமல் போயிருக்கும்.

இதைப் படித்துவிட்டு 'பார்த்தீர்களா, எல்லாம் டிரைவர் செய்த வேலை' என்று கிளம்புகிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. ஒரு கல்லூரி மாணவர் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அக்கா, டிரைவர் போட்டதுலேர்ந்து கார்டு கொதிக்குது, விசிறி கத்துது" என்றார். சரி, ஓட்டிக் காட்டு என்றேன். கேமைத் திறந்தார். ஆட்டம் தொடங்கவே இல்லை. 'தொடங்கு', 'அமைப்புகள்', 'வெளியேறு' என்ற மூன்று வரிகள் மட்டும் இருக்கும் முகப்புப் பக்கம். அதற்குள் விசிறி இரைய ஆரம்பித்தது. ஒரு நொடிக்கு எத்தனை பிரேம், அதாவது எத்தனை படம், வரையப்படுகிறது என்று காட்டும் எண்ணை ஓரத்தில் வரவழைத்துப் பார்த்தால், ஆயிரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அவருடைய மானிட்டர் நொடிக்கு 144 படங்களுக்கு மேல் காட்டாது. மீதி அத்தனையும் யார் கண்ணிலும் படாமல் வரையப்பட்டு வீணாகிறது; சூடு மட்டும் மிச்சம். நொடிக்கு இத்தனை பிரேமுக்கு மேல் வேண்டாம் என்று அவர் முன்பு பிரேம் வரம்பு வைத்திருந்திருக்கிறார். டிரைவரைப் போடும்போது பழைய அமைப்புகளைத் துடைத்துவிட்டுப் போடும் 'கிளீன் இன்ஸ்டால்' கட்டத்தில் டிக் அடித்ததால் அது போய்விட்டது. வரம்பைத் திரும்ப 141 என்று வைத்ததும் இரைச்சல் அடங்கிவிட்டது.

முகப்புப் பக்கத்தில் கார்டு வெந்துபோவது புதுக்கதையும் அல்ல. 2010இல் ஸ்டார்கிராஃப்ட் 2 வந்தபோது இதே தொல்லை எழுந்து, பிரேம் வரம்பு வைக்கும் வழியை பிளிஸார்டே சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. 2021இல் நியூ வேர்ல்டு என்ற கேமின் சோதனைப் பதிப்பை ஓட்டியபோது என்விடியாவின் சிப்பு உள்ள ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் சில உயிரை விட்டன. ஆளாளுக்கு கேமையும் டிரைவரையும் திட்டினார்கள். செத்தவற்றில் தன் கார்டுகளைப் பரிசோதித்த ஈவிஜிஏ நிறுவனம், ஒரு சிறு தொகுதியில் சால்டரிங் சரியில்லை என்று பிறகு சொல்லி, மாற்றுக் கார்டுகள் கொடுத்தது. 2022 கடைசியில் வந்த ஏஎம்டியின் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகள் சில அளவுக்கு மீறிச் சூடாயின. சிப்பைக் குளிரூட்டும் வேப்பர் சேம்பர் என்ற பாகத்தில்தான் குறை என்று தெரிந்தது. அதற்கு எந்த டிரைவரைப் போட்டு என்ன பயன்?

அப்டேட்டுக்குப் பிறகு சூடு கூடுவதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. முன்பு ஒரு கேமில் கார்டு பாதி சும்மா இருந்திருக்கும். புது டிரைவர் அதை முழுதாக வேலை வாங்கும். பிரேம் கூடும், மின்சாரம் கூடும், சூடும் கூடும். அப்புறம், கேமின் ஒளி, நிழல், நிறத்தை வரையும் சிறு நிரல்களுக்கு ஷேடர் என்று பெயர். டிரைவர் மாறினால் முன்பே தயாரித்து வைத்த ஷேடர் சேமிப்பு செல்லாததாகிவிடும். கேமை முதல்முறை திறக்கும்போது எல்லாவற்றையும் மறுபடி தயாரிப்பதால் பிராசசர் கொஞ்ச நேரம் திணறிச் சூடாகும். அதைப் பார்த்துப் பயந்துபோய் உடனே பழைய டிரைவருக்குத் திரும்பினால், அங்கேயும் அதே கூத்து முதலிலிருந்து நடக்கும்.

எண்களைப் பார்த்து வரும் பயம் தனி ரகம். ஏஎம்டி கார்டுகளில் 'ஜங்ஷன்' என்று ஓர் எண் தெரியும். அது சிப்பில் மிகச் சூடான புள்ளியின் அளவு. வழக்கமாகக் காட்டும் வெப்பநிலையைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும். 5700 வரிசைக் கார்டுகளுக்கு அது 110 டிகிரி வரை போவது எதிர்பார்த்ததுதான் என்று அந்த நிறுவனமே 2019இல் சொல்லியிருக்கிறது. இரண்டு எண்களுக்கும் இருக்கும் இடைவெளி மாதாமாதம் விரிந்துகொண்டே போனால்தான் நான் கவலைப்படுவேன். உள்ளே சிப்பின் சூட்டை வெளியே கடத்தப் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம்.

சூட்டுப் புகாரோடு வரும் கணினிகளில் நான் முதலில் டிரைவரைப் பார்ப்பதே இல்லை. கேபினெட்டின் பக்கப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு அதே கேமை, அதே இடத்தில், ஒரு இருபது நிமிடம் ஓட்டுகிறேன். சட்டென்று பல டிகிரி இறங்கினால் கார்டின் மேல் குற்றமில்லை. உள்ளே காற்றுக்கு வழியில்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து விளக்குப் போட்ட கேபினெட்டுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பார்க்க அழகுதான், மூச்சு விட முடியாது. இறங்கவில்லை என்றால் டார்ச் அடித்து, சிப்பின் சூட்டை வாங்கி வெளியே விடும் ஹீட்சிங்க் தகடுகளைப் பார்ப்பேன். விசிறிக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில், தூசியும் முடியும் சேர்ந்து கம்பளம்போல் படிந்திருக்கும். புளோயர் வைத்து ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அதைத் தறிகெட்டுச் சுழல விட்டால் பேரிங் போய்விடும். வீட்டிலேயே கார்டைப் பிரித்து, சூட்டைக் கடத்தும் மெத்தைத் துண்டான தெர்மல் பேடை மாற்றப் பார்க்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: தடிமன் அரை மில்லிமீட்டர் மாறினாலும் சிப்பு ஹீட்சிங்கைச் சரியாகத் தொடாது. முன்பைவிடச் சூடாகும்.

அதற்காக டிரைவரை வருடக்கணக்கில் தொடாமல் இருங்கள் என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் பதிப்புகள் வருகின்றன. அவற்றைப் போட்டுத்தான் ஆக வேண்டும். புது கேம் வாங்கினால் புது டிரைவர் தேவைப்படலாம். காரணம் இருந்தால் போடுங்கள், வெளியான அன்றே வேண்டாம். போடுவதற்கு முன் வெப்பநிலை, விசிறி வேகம், பிரேம் வரம்பு மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு, போட்ட பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். மோசமாகிவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்ப விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' இருக்கிறது. விண்டோஸ் அப்டேட் தானாகவே டிரைவரை மாற்றிவிடும் வழக்கமும் உண்டு; நாம் போட்ட பதிப்புதானா ஓடுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

தயாரிப்பாளர்கள் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒவ்வொரு பதிப்போடும் பக்கம் பக்கமாகக் குறிப்புகள் தருகிறார்கள். எந்தக் கேமில் எந்த நிழல் மினுக்குகிறது என்பதுவரை அதில் இருக்கிறது. விசிறியின் கணக்கிலோ மின்சார வரம்பிலோ இந்தப் பதிப்பு கைவைத்திருக்கிறதா இல்லையா என்று முதல் வரியில் ஒரு சொல் போட்டால் குறைந்தா போய்விடுவார்கள்? கைவைக்கவில்லை என்றால் அதையும் சொல்லலாமே. பாதி வீண் பழி அங்கேயே நின்றுவிடும்.

அந்த வாசகருக்குத் தங்கள் பக்கத்தில் இன்னொரு முறை பதில் தர இடமிருந்தால், அவருடைய கார்டு எது, விளையாடும்போது எத்தனை டிகிரி காட்டுகிறது, பிரேம் வரம்பு வைத்திருக்கிறாரா, கேபினெட்டைக் கடைசியாக எப்போது திறந்து சுத்தம் செய்தார் என்று முதலில் கேளுங்கள். டிரைவர் எந்தப் பதிப்பு என்பதையும் கடைசிக் கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கணினி பழுது பார்க்கும் வாசகி ஒருத்தி