கதவில் என்ன எழுதுவது?

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாக நான் எழுதவில்லை. நீயும்தான் எழுதவில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். ஆனால் கடைசிக் கடிதம் உன்னுடையது, பதில் பாக்கி என்னுடையது. போன வாரம் மொட்டை கூப்பிட்டு, உன் கிளையை மூடி ஆட்களை வேறு பிரிவோடு சேர்க்கிறார்கள் என்றான். இதை அவன் வாயால்தான் நான் கேட்க வேண்டுமா? இரு, அதற்குப் பின்னால் வருகிறேன். இங்கே எல்லாரும் நலம். எனக்கு முழங்கால் வலி. உனக்கும் வந்திருக்கும், சொல்ல மாட்டாய்.

பத்தாம் வகுப்பில் பசை தீர்ந்து பாதியில் விட்டோமே, அந்த ஹஸ்கி ஹெலிகாப்டர் மாடல், பரணில் கிடைத்தது. இரண்டு சுழலிகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிச் சுற்றுமே, நீ 'இரட்டை மத்து' என்று பெயர் வைத்தாயே, அதேதான். அதைச் செய்த சார்ல்ஸ் காமன்தான் பிற்பாடு ஓவேஷன் கிடாரையும் கொண்டுவந்தவர். முதுகு உருண்ட அந்தக் கிடாரை வைத்துக்கொண்டு வாத்தியார் பண்ணிய அட்டகாசத்துக்கு மூலகாரணம் இவர்தான் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே மாடலை உடைத்திருப்போம்.

ஒட்டி முடித்துவிட்டேன். கதவில் அது எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. ஒரு வரிதானே என்று புரட்ட ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஓடிவிட்டது.

அமெரிக்க விமானப்படையின் ஏர் ரெஸ்க்யூ சர்வீஸ், அதாவது வான் மீட்புப் பிரிவு, 1946-இல் தொடங்கியது. அதன் கண்ணெல்லாம் தூரத்தில்: கடல், மலை, எதிரி எல்லை. ஆனால் விமானம் அடிக்கடி விழுவது சொந்த ஓடுபாதைப் பக்கத்தில்தான், ஏறும்போதும் இறங்கும்போதும். அதற்காக 1950-களில் தளங்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு ஹெலிகாப்டர் வைத்துக்கொண்டன. 'லோக்கல் பேஸ் ரெஸ்க்யூ' என்று பெயர். ஒரே வேலை, ஆனால் முதலாளி பலர். போர்விமானத் தளத்தில் ஒரு கமாண்டு, குண்டுவீச்சுத் தளத்தில் இன்னொன்று, பயிற்சித் தளத்தில் வேறொன்று. 1961 அக்டோபரில் எல்லாவற்றையும் ஏர் ரெஸ்க்யூ சர்வீஸின் கீழ் கொண்டுவந்தார்கள். ஒரே பயிற்சி, ஒரே விதி என்பது காகிதத்தில் நியாயம்தான். கொரியப் போருக்குப் பிறகு மெலிந்து கிடந்த அந்த சர்வீஸுக்கு இது சதை போட்டது என்பதுதான் என் கணக்கு.

இந்தச் சின்னக் கூட்டங்கள் செய்த வேலையைக் கேள். மணி அடித்த ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் ஹஸ்கி மேலே இருக்க வேண்டும். அடியில் கொக்கியில் சிவப்பு உருண்டையாக நுரைக் கருவி, ஏறக்குறைய 450 கிலோ. உள்ளே தீயணைப்புக்காரர்கள். எரியும் விமானத்தின் பக்கத்தில் உருண்டையையும் ஆட்களையும் இறக்கிவிட்டு, விமானி நெருப்புக்கு மேலேயே நிறுத்திப் பிடிப்பான். சுழலிகளின் கீழ்க்காற்று தீயை ஒதுக்கி ஒரு சந்து போல வழி விடும். அந்தச் சந்துக்குள் நுரையை அடித்தபடி ஆட்கள் நுழைவார்கள். காற்று பட்டால் தீ பெருகும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை.

1964-இல் வியட்நாமுக்கு வேறு ஹெலிகாப்டர் கைவசம் இல்லாமல் இந்தத் தீயணைப்பு வண்டியையே அனுப்பினார்கள். ஓடுபாதை ஓரத்தில் நிற்க வேண்டியது, காட்டுக்குள் போய் ஆள் தூக்கியது. ரேடியோவில் அதன் அழைப்புப் பெயர் பெட்ரோ. இனிமேல்தான் என் தலைவலி. அங்கே முதலில் வந்தவை பசிபிக் வான் மீட்பு மையத்தின் டிடாச்மென்டுகள், அதாவது பெரிய பிரிவிலிருந்து பிரித்து அனுப்பிய சின்னக் கூட்டங்கள். 1965 ஜூலையில் 38-ஆவது ஏர் ரெஸ்க்யூ ஸ்குவாட்ரன் (படையணி) உருவானதும் அவையே அதன் டிடாச்மென்டுகள் ஆயின. 1966 ஜனவரி 8-இல் சர்வீஸுக்கே 'ஏரோஸ்பேஸ் ரெஸ்க்யூ அண்ட் ரிகவரி' என்று நாமகரணம். இரண்டு வருஷத்துக்குள் மூன்று பெயர்! அதே கொட்டகை, அதே மணி.

வியட்நாமில் பியன் ஹோவா தளத்தில் இருந்தது 38-இன் டிடாச்மென்ட் 6. அதில் வில்லியம் பிட்சன்பார்கர் என்ற 21 வயசுப் பையன். 1966 ஏப்ரல் 11-இல் காம் மி பக்கம் காட்டில் சுற்றிவளைக்கப்பட்ட தரைப்படைக்காரர்களிடம் கயிற்றில் இறங்கி, காயம்பட்ட ஒன்பது பேரை மேலே அனுப்பினான். ஹெலிகாப்டரில் குண்டு பட்டபோது, நீங்கள் போங்கள் என்று கையசைத்துவிட்டுக் கீழேயே தங்கினான். அன்று இரவே இறந்துபோனான். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் வந்து சேர்ந்தது 2000 டிசம்பரில்.

சேகர், அந்த டிடாச்மென்ட் 6-க்கு வரலாறு கிடையாது, தெரியுமா? அமெரிக்க விமானப்படை விதிப்படி வம்சாவளியும் விருதுகளும் ஸ்குவாட்ரன், குரூப், விங் போன்றவற்றுக்குத்தான். டிடாச்மென்ட் என்பது இன்னொன்றின் கை. கலைத்தால் கலைத்ததுதான், அதே எண்ணை நாளைக்கு வேறு இடத்துக்குக் கொடுப்பார்கள். 38-ஐ 1971-இல் மூடினார்கள், ஆனால் அதற்கு மறுபிறவி உண்டு. இன்று ஜார்ஜியா மாநிலத்தில் மூடி என்ற தளத்தில் இருக்கிறது (பெயரே அதுதான், சிரிக்காதே). 6 எங்கே போனது?

அதனால்தான் மொட்டை சொன்னது உறைத்தது. உங்கள் கிளையில் ஏழு பேர், இருபத்திரண்டு வருஷம். அந்தப் பதிவேடுகளை யார் எடுத்துக்கொள்கிறார்கள்? கேட்டாயா? வெள்ளத்தன்று ராத்திரி நீங்கள் ஏழு பேரும் செய்தது எந்தக் கோப்பில் இருக்கிறது? பெரிய இடத்தில் கேட்டால் "எந்தக் கிளை?" என்பார்கள். கோபப்படாதே. உனக்கு முன்னால் நான் பட்டாகிவிட்டது. ஒரு நோட்டில் பெயர்களையாவது எழுதி வை, அந்த சிடுமூஞ்சி டைப்பிஸ்டையும் சேர்த்து.

கதவு என் கட்டைவிரல் நகம் அளவுதான். 38-ஐ எழுதினால் 6-க்கு இடமில்லை, 6-ஐ மட்டும் எழுதினால் பார்க்கிறவனுக்கு ஒன்றும் புரியாது. எனக்குக் கை வேறு நடுங்குகிறது. பொடி எழுத்து உனக்குத்தான் வரும். லீவு போட்டு வா. வரும்போது பசை வாங்கி வா, பத்தாம் வகுப்பில் அது தீர்ந்தது உன்னால்தான்.

உன்,
ரகு