நமீபியாவில் பார்த்ததும் காட்டாததும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நமீபியா பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். போன ஆகஸ்டில் நானும் என் கணவரும் ஏறக்குறைய அதே தடத்தில்தான் போய்வந்தோம். பஸ்ஸாக மாற்றிய லாரியில் பன்னிரண்டு நாள், புழுதியோடு புழுதியாக. விலங்குகள், பழங்குடிப் பண்பாடு, வரலாறு மூன்றும் ஒரே பயணத்தில் என்று சொல்லித்தான் எங்களிடமும் பணம் வாங்கினார்கள்.

விலங்குகளில் குறையே வைக்கவில்லை. எட்டோஷா தேசியப் பூங்காவின் ஒக்காகுவேயோ முகாமில் இரவு முழுக்க விளக்கெரியும் நீர்நிலைக்குக் காண்டாமிருகம் வந்து தண்ணீர் குடிக்கிறது. நாற்பது ஐம்பது பேர் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருக்கிறோம். எட்டோஷாவின் வெள்ளைப் புழுதி படிந்து, யானைகள் உடம்பெல்லாம் திருநீறு பூசியதுபோல் வரும். கட்டுரையாளர் இதை என்னைவிட அழகாக எழுதியிருக்கிறார்.

என் வழக்கு வரலாற்றைப் பற்றியது. வரலாறு என்று எங்களுக்குக் காட்டியவை ஜெர்மானியர் கட்டிய தேவாலயம், கோட்டை, பழைய ரயில் நிலையம். உங்கள் கட்டுரையிலும் அவைதான். முப்பத்தொரு வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். கொஞ்சம் நீளமாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். ஹெரேரோ என்ற இனத்துப் பெண்களின் படத்துக்குக் கீழே 'தொன்மையான பாரம்பரிய உடை' என்று போட்டிருக்கிறீர்கள். தரையைத் தொடும் அந்தக் கவுன், 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மிஷனரிக் குடும்பத்துப் பெண்கள் உடுத்தியதைப் பார்த்து வந்தது. மாட்டுக்கொம்பு வடிவத் தலைத்துணிதான் அவர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டது. மாடு அவர்களுக்கு அவ்வளவு பெரிய செல்வம். அந்த மாட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் அப்போது நாட்டை ஆண்ட ஜெர்மானியர் பறித்ததால்தான் 1904இல் கலகம் மூண்டது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று வாட்டர்பெர்க் மலையடிவாரத்தில் போர். தோற்றவர்கள் பெண்டு பிள்ளைகளோடு ஒமாஹெகே பாலைவனத்துக்குள் ஓடினார்கள். ஜெர்மன் படை பின்னாலேயே போய்த் தண்ணீர் இருந்த இடங்களை மறித்துக்கொண்டது. அக்டோபர் 2 அன்று தளபதி ஃபான் ட்ரோதா, ஆயுதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹெரேரோ எவரையும் சுடலாம் என்று ஆணையிட்டார். சுமார் 80,000 பேரில் 15,000 பேர் அளவில்தான் மிஞ்சினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நாமா என்ற இன்னோர் இனத்து மக்களிலும் பாதிப்பேர் மாண்டார்கள். இது இனப்படுகொலை என்று ஜெர்மன் அரசு ஒப்புக்கொண்டது 2021இல். எங்கள் லாரி வாட்டர்பெர்க் போகும் திருப்பத்தைத் தாண்டித்தான் வடக்கே போனது. வழிகாட்டி அப்போது மதிய உணவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

பிடிபட்டவர்கள் ஜெர்மானியரின் கைதி முகாம்களில் செத்துக்கொண்டிருந்த 1907இல்தான், அதே காலனி அரசு எட்டோஷாவை விலங்குக் காப்பிடமாக அறிவித்தது. இந்த இரண்டையும் என்னால் தனித்தனியாகப் படிக்க முடியவில்லை. அந்தக் காட்டிலும் ஆள் இல்லாமல் இல்லை. ஹைஓம் என்ற சான் மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வாழ்ந்த இடம் அது. 1954இல், தென்னாப்பிரிக்க ஆட்சியில், அவர்களை வெளியேற்றினார்கள். பலர் சுற்றியிருந்த வெள்ளையர் பண்ணைகளில் கூலிகளானார்கள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நீர்நிலைகளைச் சுற்றித்தான் அவர்கள் குடியிருப்புகள் இருந்தன.

'பண்பாடு' என்ற பெயரில் ஹிம்பா என்ற பழங்குடியினரின் கிராமத்தில் ஒன்றரை மணி நேரம் நிறுத்தினார்கள். காவிமண்ணும் வெண்ணெயும் குழைத்துப் பூசிய பெண்களை எங்கள் கூட்டம் படமெடுத்துத் தள்ளியது. நானும் இரண்டு எடுத்தேன், மறைப்பானேன்? ஹிம்பாவும் ஹெரேரோவும் ஒரே மொழி பேசும் உறவினர்கள் என்பதை யாரும் சொல்லவில்லை.

கட்டுரையின் அடுத்த பகுதி ஸ்வாகோப்முண்ட் என்ற கடற்கரை ஊர் பற்றி என்று அறிவித்திருக்கிறீர்கள். அங்கே ஜெர்மன் கேக், மணல்மேட்டுச் சவாரி எல்லாம் உண்டு. ஊர்க் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிப் பெயரில்லாத சிறு மண்மேடுகளும் வரிசை வரிசையாக உண்டு. முகாமில் இறந்தவர்களைப் புதைத்த இடம். பயணத்திட்டத்தில் இல்லை என்று வழிகாட்டி கைவிரித்துவிட்டதால் நாங்கள் இருவரும் டாக்சி பிடித்துப் போனோம். கட்டுரையாளரிடம் படம் இல்லையென்றால் சொல்லுங்கள், என்னிடம் இருப்பதை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
காரைக்குடி