அஷ்டமி நவமியில் ஆழம் குறையும் ஆறு

கொல்கத்தா,
நவம்பர் 18.

அன்புள்ள சபாபதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே நாங்கள் நலம். லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் முருங்கைக்காயும் கிடைக்கிற வரைக்கும் ஊர் திரும்பும் பேச்சே வேண்டாம் என்று மீனாட்சி சொல்லிவிட்டாள்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். நீ முப்பது வருடம் வேலை பார்த்த தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலமும், நான் கப்பல் காகிதங்களைச் சுமந்துகொண்டு அலைந்த ஃபல்தா மண்டலமும் 1984ஐ ஒட்டி ஒன்றாகப் பிறந்தவை. இரண்டுக்கும் ஒரே டெல்லி, ஒரே சட்டம், ஒரே வரிச்சலுகை. அப்படியிருக்க உங்களுடையது ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பேருந்து நிறுத்தத்துக்கே பெயர் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தபோது, எங்களுடையது ஏன் எதிர்பார்த்த அளவுக்கு எழும்பவில்லை என்பது உன் கேள்வி. வங்காளத்துத் தொழிற்சங்கங்கள்தான் காரணமா என்றும் சேர்த்துக் கேட்டிருந்தாய். அது பாதி உண்மை, அதுவும் எல்லோருக்கும் தெரிந்த பாதி. மற்றப் பாதி ஆற்றுக்கு அடியில் கிடக்கிறது. ஓய்வு பெற்றவனுக்குக் கேட்க ஆள் கிடைத்தால் விடுவானா? பொறுமையாகப் படி.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். ஃபல்தா, கொல்கத்தாவுக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில், டயமண்ட் ஹார்பர் போகும் வழியில், ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. எதிர்க்கரையில் தாமோதர் ஆறு வந்து கலக்கிறது. சற்றுக் கீழே ரூப்நாராயண். வரைபடத்தை விரித்து வைத்துப் பார்க்கிற எந்த அதிகாரிக்கும் நாக்கில் நீர் ஊறத்தான் செய்யும். வடக்கே கொல்கத்தாத் துறைமுகம், தென்மேற்கே 1977இல் திறந்த ஹல்தியாத் துறைமுகம், வாசலில் கப்பல் ஓடும் ஆறு. காண்ட்லாவில் 1965இல் தொடங்கிய ஏற்றுமதி மண்டல வித்தையைக் கிழக்கிந்தியாவுக்குக் கொண்டுவர இதைவிடத் தோதான இடம் ஏது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் நான் முதன்முதலாக அங்கே போன நாளில் பார்த்தது வேறு. மண்டலத்து வேலை முடிந்து ஆற்றங்கரையில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். கன்டெய்னர் அடுக்கிய ஒரு சிறு கப்பல் வடக்கேயிருந்து மெதுவாக வந்து, எனக்கு முன்னால், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் கடலை நோக்கிப் போனது. காலையில் நான் சீல் வைத்து அனுப்பிய பெட்டி அந்த நேரம் லாரியில் நேர் எதிர்த்திசையில், கொல்கத்தாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அங்கே துறைமுகத்தில் ஏறி, இதே போன்ற இன்னொரு கப்பலில், இதே டீக்கடையைத் தாண்டித்தான் அது திரும்பவும் கடலுக்குப் போகவேண்டும். அதாவது கடல் தெற்கே இருக்க, சரக்கு முதலில் 50 கிலோமீட்டர் வடக்கே போகும். பிறகு அதே தூரத்தைத் தண்ணீரில் திரும்பி வரும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று நம் வாத்தியார் சொல்வாரே, அதை லாரியும் கப்பலும் வைத்துச் செய்து காட்டியது போல இருந்தது.

சரி, ஹல்தியாவுக்குப் போகலாமே என்பாய். ஃபல்தாவுக்குக் கீழே ராய்சக் படித்துறையில் நின்றால் ஹல்தியா இருக்கிற அக்கரை தெரியும். குக்ராஹட்டிக்குப் படகு போகிறது, ஆளும் சைக்கிளும் கோழிக்கூடையும் ஏறிக்கொள்ளலாம். கன்டெய்னர் ஏற முடியாது. அந்த இடத்தில் ஆற்றுக்குப் பாலம் இல்லை. எனவே லாரி கொல்கத்தா வரை ஏறி, வித்யாசாகர் பாலத்தைத் தாண்டி, கோலாகாட் சுற்றிக்கொண்டு, 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடித்தான் அந்தக் கண்ணுக்குத் தெரியும் அக்கரையை அடைய வேண்டும்.

இனி ஆற்றுக்கு வருகிறேன். கொல்கத்தாவின் கப்பல்துறைகள் கடலோரத்தில் இல்லை. சாண்ட்ஹெட்ஸ் என்கிற கடல்முனையில் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் ஏறியதிலிருந்து கொல்கத்தாவின் கிதிர்ப்பூர் கப்பல்துறை வரை 200 கிலோமீட்டருக்கும் மேலே ஆற்றில் ஏறவேண்டும். வழி நெடுகத் தண்ணீருக்கு அடியில் மணல் மேடுகள். அவற்றில் பேர்போனது ஃபல்தாவை ஒட்டிய ஜேம்ஸ் அண்டு மேரி திட்டு. 1694இல் அங்கே புதைந்துபோன கப்பலின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். கடல்நீர் ஏறி இறங்குவதை ஓதம் என்போம்; இந்த மேடுகளைக் கப்பல் ஓதம் ஏறும்போது மட்டும்தான் தாண்டலாம். தாண்டி வந்தபின்னும் கப்பல்துறையின் பூட்டுக்கதவு திறக்க உயர்ந்த ஓதத்துக்குக் காத்திருக்க வேண்டும். கொல்கத்தாவுக்கு வரும் கப்பல் தண்ணீருக்கு அடியில் 7 மீட்டர் முன்பின்தான் அமிழ்ந்திருக்கலாம். ஹல்தியாவுக்கு 8 மீட்டர் முன்பின். டிராஃப்ட் என்று நாங்கள் தினமும் காலையில் கேட்டுக்கொள்வது இதைத்தான். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஓடும் பெரிய தாய்க்கப்பல்களுக்கு 14 முதல் 16 மீட்டர் வேண்டும். ஆக, கொல்கத்தாவிலிருந்து போகும் பெட்டி சிறு ஃபீடர் கப்பலில் ஏறி, கொழும்பிலோ சிங்கப்பூரிலோ போர்ட் கிளாங்கிலோ இறங்கி, அங்கே தாய்க்கப்பலுக்குக் காத்துக் கிடக்கும். சென்னையிலும் பல பெட்டிகள் கொழும்பு வழியாகத்தான் போகின்றன என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் துறைமுகம் கடலிலேயே இருக்கிறது; கப்பல் வந்துசேர ஆற்றையும் நிலவையும் கேட்க வேண்டியதில்லை.

நிலவு என்று சொன்னது அலங்காரத்துக்கு இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிதாக ஏறும்; அஷ்டமி, நவமி, தசமி வாக்கில் சோர்ந்துபோகும். அஷ்டமி நவமியில் நல்ல காரியம் எதையும் தொடங்காதே என்று என் பாட்டி சொன்னதை நான் மதித்ததே இல்லை. இந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்தபின் மேஜைமேல் ஒரு தமிழ் நாட்காட்டியை வைத்துக்கொண்டு, திதி பார்த்துத்தான் சரக்குக்கு நாள் குறித்தேன். துறைமுகமும் இன்னின்ன நாளில் இவ்வளவு டிராஃப்ட் என்று முன்கூட்டியே பட்டியல் போடும்; என் நாட்காட்டியும் அதுவும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

ஓதத்தில் பத்து சென்டிமீட்டர் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று ஆற்றைப் பார்க்காதவர்கள் கேட்பார்கள். 150 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் உள்ள ஒரு ஃபீடர் கப்பல் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ ஏறக்குறைய 28 டன் சரக்கு வேண்டும். பத்து சென்டிமீட்டர் குறைத்துக்கொள் என்று ஆறு சொன்னால் 280 டன்னை இறக்கி வைக்க வேண்டும். பெட்டிக்கு 14 டன் என்று வைத்தால் இருபது பெட்டிகள். எந்த இருபது? மாதம் 200 பெட்டி தருகிற பெரிய ஏற்றுமதியாளருடையதைக் கப்பல் கம்பெனி தொடாது. ஃபல்தாவிலிருந்து மாதம் நாலு பெட்டி அனுப்புகிற சின்னவருடையதுதான் கரையில் நிற்கும்.

அப்படி நின்ற ஒன்றை நான் மறக்கவில்லை. குழந்தைகளுக்கான பருத்திச் சட்டைகள், இரண்டு பெட்டி. கோடைக்காலத்து விற்பனைக்கு ஐரோப்பாவுக்குப் போகவேண்டியவை. மார்ச் மாதம், தசமி. பெட்டிகள் துறைமுகத்துக்குள் நேரத்துக்குப் போய்விட்டன, காகிதமும் சுத்தம். மாலை நான்கு மணிக்குக் கப்பல் கம்பெனியிலிருந்து போன்: இந்த முறை இடமில்லை, அடுத்த கப்பல் ஏழு நாள் கழித்து. ஏழு நாள் தாமதத்தில் கொழும்பிலும் தாய்க்கப்பல் தவறிவிட்டது. வாங்கியவர் பாதி விலைக்குத்தான் ஏற்றுக்கொண்டார். அந்தத் தொழிற்கூடத்துச் சொந்தக்காரர் என் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்து, ‘எனக்கு வரிவிலக்கு வேண்டாம், ஒரு கப்பல் கொடுங்கள்’ என்றார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். வேறென்ன செய்ய? இரண்டு வருடத்தில் அவர் ஷெட்டைக் காலி செய்துவிட்டார்.

வரிவிலக்கைப் பற்றி நீயும் நானும் வேறு வேறு விதமாக நினைத்ததற்குக் காரணம் இதுதான் என்று இப்போது புரிகிறது. உங்களுக்கு அது லாபத்தின்மேல் லாபம். எங்களுக்கு அது, ஆறு பறித்துக்கொண்டதில் ஒரு பகுதியை அரசு திருப்பிக் கொடுப்பது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் எல்லா ஊரிலும் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் முளைத்தன. ஆழமான துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே அதே சலுகை கிடைக்கும்போது ஆழமில்லாத இடத்துக்கு யார் வருவார்கள்? 2011இல், வரிவிலக்கு இருந்தாலும் லாபத்தில் ஒரு பங்கைக் கட்டியே தீரவேண்டும் என்கிற குறைந்தபட்ச மாற்று வரி மண்டல நிறுவனங்கள்மேல் வந்தபோது, எங்களிடம் இருந்த சொற்பத் தைலமும் வற்றியது. மிஞ்சியவர்களில் நேரத்தைப் பற்றிக் கவலைப்படாத சரக்குக்காரர்கள் அதிகம். பிளாஸ்டிக் கழிவைக் கொண்டுவந்து மறுசுழற்சி செய்கிற கூடங்கள் ஃபல்தாவில் பெருகியது அதனால்தான். பழைய பிளாஸ்டிக் ஒரு வாரம் பிந்தி வந்தால் கெட்டா போய்விடும்? 2019இல் கழிவு இறக்குமதிக்குத் தடை வந்ததும் அந்தக் காலும் ஊனமாயிற்று.

தூர்வாரினால் தீராதா என்று கேட்காதே. வருடம் முழுவதும் தூர்வாரிக்கொண்டேதான் இருக்கிறார்கள். மத்திய அரசு அதற்கென்று மானியமும் கொடுத்துவந்திருக்கிறது. ஒரு பக்கம் அள்ளிக் கழிமுகத்தில் கொட்டுகிற மணலை ஓதம் மறுபக்கமாகத் திரும்பக் கொண்டுவருகிறது. மேலேயிருந்து தண்ணீர் வேகமாக வந்து தள்ளினால்தான் மணல் கடலுக்குப் போகும். அதற்காகத்தான் ஃபராக்கா அணையிலிருந்து கால்வாய் வெட்டி, விநாடிக்கு 40,000 கன அடி கங்கை நீரை ஹூக்ளிக்குத் திருப்பத் திட்டமிட்டார்கள்; 1975இல் அது நடைமுறைக்கு வந்தது. கோடையில் அந்த அளவு எப்போதும் வருவதில்லை. கங்கையை வங்கதேசத்தோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும், 1996 ஒப்பந்தத்தில் ஜனவரி முதல் மே வரை பத்துப் பத்து நாளாகப் பிரித்துக் கணக்கு எழுதியிருக்கிறது. இந்த வகையில் கபில் பட்டாச்சார்யா என்ற வங்காளப் பொறியாளரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தாமோதரில் அணைகள் கட்டினால் அதன் மழைக்கால வெள்ளம் நின்றுபோகும், ஹூக்ளியின் அடிமணலைத் துடைத்துக்கொண்டிருந்தது அந்த வெள்ளம்தான் என்று அவர் எச்சரித்தார், ஃபராக்காவையும் எதிர்த்தார், அதற்காகப் பாகிஸ்தான் கையாள் என்ற வசைதான் கிடைத்தது. அவர் சொன்ன தாமோதர் வந்து விழுவது ஃபல்தாவுக்கு நேர் எதிரே. மண்டலத்துக்கு இடம் பார்த்தவர்கள் அக்கரையை ஒருமுறை உற்றுப் பார்த்திருக்கலாம்.

ஆழமில்லாத ஆற்றின் பாரம் கடைசியில் சாலைமேல் வந்து விழுகிறது. எல்லாப் பெட்டியும் டயமண்ட் ஹார்பர் சாலையில், பேஹாலாவின் கடைவீதிக்கு நடுவே, பகலில் கனரக லாரிக்கு நேரக் கட்டுப்பாடு உள்ள நகரத்துக்குள் போகவேண்டும். 2018 செப்டம்பரில் அந்தச் சாலையில் இருந்த மாஜேர்ஹாட் பாலம் இடிந்து விழுந்தபோது அந்த ஒற்றை நரம்பும் அறுந்தது. புதுப்பாலம் திறக்க 2020 டிசம்பர் ஆயிற்று. எண்ணூர் சாலையில் நிற்கும் லாரி வரிசையைப் பற்றி நீ புலம்புவாயே, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வரும். உங்கள் வரிசையின் முடிவில் கடல் இருக்கிறது.

தொழிற்சங்கம், மின்வெட்டு, முதலாளிகள் வெளியேறியது இவையெல்லாம் பொய்யில்லை. அவற்றை மறைக்கிற வயது எனக்கு இல்லை. ஆனால் அவை மாறக்கூடியவை, சில மாறியும் விட்டன. கடலுக்கு இன்னும் அருகே குல்பியில் துறைமுகம், சாகர் தீவில் துறைமுகம், தாஜ்பூரில் துறைமுகம் என்று நானும் பல வருடமாகப் பேப்பரில் படித்துக்கொண்டிருக்கிறேன். என்னைக் கேட்டால், அவை வருகிறவரை ஃபல்தாவின் கரையிலேயே பார்ஜ் என்கிற தட்டைப் படகில் பெட்டி ஏற்றி நேராகக் கீழே அனுப்புகிற ஒரு ஏற்பாட்டை ஒழுங்காக நடத்தியிருந்தாலே பாதி வலி குறைந்திருக்கும். பேஹாலாவையும் சுற்ற வேண்டாம், பூட்டுக்கதவுக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஒரு சின்னச் செய்தி, உனக்குப் பிடிக்கும். 1756இல் வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா கொல்கத்தாவைப் பிடித்தபோது ஆங்கிலேயர்கள் தப்பி ஓடி வந்து ஒதுங்கியது இதே ஃபல்தாவில்தான். காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டு, மாதக்கணக்கில் ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள், மதராஸிலிருந்து கிளைவின் கப்பல்கள் வந்து சேரும்வரை. ஃபல்தாவில் உட்கார்ந்து கப்பலுக்குக் காத்திருக்கும் வழக்கத்தை நாங்கள் ஒன்றும் புதிதாகத் தொடங்கவில்லை, பார்த்தாயா?

ஜனவரியில் வருவதாகச் சொன்னாய். பௌர்ணமியை ஒட்டி டிக்கெட் போடு. ராய்சக்கில் அன்றைக்கு ஓதம் ஏறுவதைப் படித்துறையிலேயே உட்கார்ந்து பார்க்கலாம், படிகள் அதிகமில்லை, உன் முழங்காலுக்குப் பயமில்லை. வரும்போது மயிலாப்பூர் அப்பளக் கட்டு இரண்டும், அடுத்த வருடத்து நாட்காட்டி ஒன்றும் கொண்டுவா. வேலை விட்ட பிறகும் திதி பார்க்கிற பழக்கம் போகவில்லை.

என்றும் உன்,
ரங்கன்