ஒற்றை அம்புக்கும் திரும்பி வர வழி உண்டு

அன்புள்ள குமார்,

கடிதம் கிடைத்தது. பெண்ணுக்கு வரன் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். ஆவணியில் குடும்பத்தோடு வந்துவிடுகிறோம். ரிட்டயர் ஆனதிலிருந்து எனக்குக் கணிதத்தில் வரும் க்விவர் மேல் பைத்தியம். வீட்டில் கேட்க ஆளில்லை, அதனால் உன் தலையில் கட்டுகிறேன்.

சில புள்ளிகள், இடையே அம்புகள், அதுதான் க்விவர். புள்ளிக்கு ஒரு வெக்டர் வெளி, அம்புக்கு ஓர் அணி. ஒவ்வொரு வெளியிலும் அச்சுகளை இஷ்டப்படி மாற்றினாலும் மதிப்பு மாறாத பல்லுறுப்புக் கோவைகள், அதாவது இன்வேரியன்ட்கள், எவை? கலப்பெண்களின் மேல் 1990-இல் ல ப்ரூயின், ப்ரொசெஸி என்ற கணிதவியலாளர்கள் விடை சொன்னார்கள்: புறப்பட்ட புள்ளிக்கே திரும்பும் சுற்றுகளில் உள்ள அணிகளைப் பெருக்கி ட்ரேஸ் (மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டல்) எடு, மற்றதெல்லாம் அவற்றிலிருந்தே வரும். அப்படியானால் சுற்றே இல்லாத க்விவரில் வெறும் மாறிலிகள்தான். V-யிலிருந்து W-க்கு ஒற்றை அம்பு என்றால் கடை காலி!

ஆனால் அச்சு மாற்றத்தை, நீளங்களை மாற்றாத செங்குத்து அணிகளோடு (சுழற்சி, பிரதிபலிப்பு) நிறுத்திப் பார். A என்ற அம்புக்கு அதன் நிரை நிரல் மாற்று Aᵀ எதிர்த்திசை அம்பாகக் கிடைக்கிறது. போய்த் திரும்ப வழி வந்துவிட்டதா? AᵀA, அதன் அடுக்குகள், இவற்றின் ட்ரேஸ்களே எல்லாவற்றையும் பிறப்பிக்கின்றன. மெய்யெண்களில் அவை A-யின் சிங்குலர் வேல்யூக்களை, அதாவது A எந்த அளவு நீட்டுகிறது, சுருக்குகிறது என்பதைச் சொல்லிவிடும். நீ ஆபீஸில் தினமும் ஓட்டிய எஸ்விடி (சிங்குலர் வேல்யூக்களைக் கொண்டு அணியைப் பிரிப்பது) அதுவேதான்! இத்தனை வருஷம் நீ செய்தது இன்வேரியன்ட் தியரி என்று உன்னிடம் யாரும் சொல்லவில்லை, பாவம்.

இன்னொரு குட்டிக் கணக்கு. ஒரே புள்ளி, அதிலிருந்து அதற்கே ஓர் அம்பு. அதன் 2×2 அணி X, முதல் வரிசை a, b. அடுத்தது c, d. XXᵀ-இன் ட்ரேஸிலிருந்து X²-இன் ட்ரேஸைக் கழி: (b−c)². பிரதிபலிப்பு b−c-யின் குறியைத் திருப்பிவிடும், சுழற்சி தொடாது. ஆகவே சுழற்சிகளை மட்டும் அனுமதித்தால் அந்த வர்க்கமூலமே புது இன்வேரியன்ட். பெரிய அணிகளில், அளவு (n×n-இல் n) இரட்டைப்படை என்றால், X−Xᵀ-இன் ஃபாஃபியன் (அதன் அணிக்கோவையின் வர்க்கமூலம்) இதே வேலையைச் செய்கிறது. நான் பேப்பரில் போட்டுப் பார்த்து உட்கார்ந்தே விட்டேன்.

செங்குத்து அணிகளுக்குப் பதில், நீளத்தை விட்டு ஓர் எதிர் சமச்சீர் வடிவத்தைக் காக்கும் சிம்ப்ளெக்டிக் குலத்தை எடுத்தால் 2×2 சுவாரஸ்யமில்லை. அங்கே Xᵀ-க்குப் பதில் சேர்ப்பு அணி வரும், X-ஓடு பெருக்கினால் அணிக்கோவை மடங்கு அலகு அணிதான். 4×4-க்குப் போனால்தான் ருசி. அதைக் கல்யாண வீட்டில் பேசலாம், பந்தி முடிந்த பிறகு.

அன்புடன்,
ராமு