ஆட்டோமேட்டிக்கே வாங்கலாம், ஆனால் அந்த மாடல் வேண்டாம்

அன்புள்ள மக்களே,

வண்டி விஷயமாக நீ அனுப்பிய வீடியோக்களை எல்லாம் பார்த்தேன். போனில் பதில் சொன்னால் உன் அம்மை நடுவில் புகுந்து பேச்சைப் பலாப்பழத்துக்குக் கொண்டுபோய்விடுவாள். அதனால் எழுதியே அனுப்புகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டோமேட்டிக்கே வாங்கலாம். ஆனால் நீ பார்த்து வைத்திருக்கும் அந்த மாடல் நம் வீட்டுக்கு ஒத்துவராது.

"மேனுவல்தான் வண்டி, கண்ட்ரோல் நம்ம கையில் இருக்கும்" என்று மாப்பிள்ளை சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் துபாயில் வாரம் முழுக்க ஓட்டுவது என்னவாம்? நல்ல மனுஷன், ஆனால் ஊருக்கு வண்டி என்றதும் ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் கியர் ராட் ஞாபகம் வந்துவிடுகிறது. நானும் கியர் மாற்றிப் பிழைத்தவன்தான். 1980களில் நான் பழகிய அம்பாசடருக்குக் கியர் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும். அதில் ரிவர்ஸ் சரியாக விழுந்துவிட்டால் அன்றைக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமைக்காக இன்றைக்கு வண்டி வாங்க முடியாது.

நம் வண்டி எங்கே ஓடப்போகிறது என்று பார். மார்த்தாண்டம் சந்தை, கருங்கலில் பாட்டி வீடு, நாகர்கோவிலில் ஆஸ்பத்திரி. நீ லீவுக்கு வந்தால் திருவனந்தபுரம் விமான நிலையம். இதில் வேகமாகப் போகிற சாலை எங்கே இருக்கிறது? மார்த்தாண்டத்தில் மேம்பாலம் இருக்கிறது, சரிதான். ஆனால் கடைக்குப் போகிறவன் அதில் ஏறி என்ன செய்ய? கீழேதான் ஊர்ந்தாக வேண்டும். நாகர்கோவில் போகும் வழியில் அழகியமண்டபம், தக்கலை, வில்லுக்குறி என்று ஒவ்வொரு சந்திப்பிலும் முதல் கியர், இரண்டாவது கியர், மறுபடியும் முதல் கியர். வடக்கே போனால் களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம். அங்கேயெல்லாம் வண்டியை ஓட்டுவதைவிட நிறுத்தி எடுப்பதுதான் அதிகம். அந்த வேலை முழுவதும் இடது காலுக்கு.

என் இடது முட்டி கதை உனக்குத் தெரியும். மற்றவர்கள் தங்கள் கிளட்ச்சை மட்டும் மிதிப்பார்கள், டிரைவிங் ஸ்கூலில் இருந்ததால் நான் ஊரார் கிளட்ச்சையும் சேர்த்து மிதித்தேன். டபுள் கண்ட்ரோல் வண்டியில் எங்கள் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும் இல்லையா, பழக வருகிறவன் காலை எடுத்தால் நாங்கள் மிதிக்க வேண்டும். இப்போது தக்கலையிலிருந்து சந்தை வரைக்கும் ஓட்டினாலே அன்று ராத்திரி தைலம் தேய்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் இது எனக்காக மட்டும் வாங்குகிற வண்டி என்று நினைக்காதே.

உன் அம்மை ஓட்டப்போகிறாள். நிஜமாகத்தான் சொல்கிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாருதி 800-இல் பழக ஆரம்பித்தாளே, ஓர்மை இருக்கிறதா? வேர்க்கிளம்பி பக்கம் ஓர் ஏற்றத்தில் வண்டி ஆஃப் ஆகி ஆஃப் ஆகி, பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்த அடியில் இறங்கி நடந்தவள், அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. இப்போது ரிட்டயர் ஆன பிறகு அவளே கேட்கிறாள். கருங்கலுக்குப் போக ஆட்டோவுக்குக் காத்து நிற்பது அலுத்துவிட்டதாம்.

என் கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுப் பாடுவார்கள், முதலில் மேனுவலில் பழகு, அப்புறம் எதையும் ஓட்டலாம் என்று. இருபது வயசுப் பையனுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். அறுபதை நெருங்கும்போது மறுபடி முதலிலிருந்து பழகுகிற ஒருத்திக்கு அதைச் சொல்ல மாட்டேன். புதிதாகப் பழகுகிறவர்களின் கவனத்தில் பாதியைக் கிளட்ச் தின்றுவிடும். மிச்சப் பாதியில் கண்ணாடி பார்க்க வேண்டும், சைக்கிள்காரரைப் பார்க்க வேண்டும், குறுக்கே வரும் மினி பஸ்ஸுக்கு ஒதுங்க வேண்டும். கிளட்ச் போனால் அந்தக் கவனம் முழுவதும் சாலைக்குக் கிடைக்கும். லைசென்ஸுக்கும் இடைஞ்சல் இல்லை. உங்கள் துபாயில் ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்தால் லைசென்ஸில் அப்படியே போட்டுவிடுவார்கள், அதை வைத்து மேனுவல் ஓட்ட முடியாது. இங்கே இருசக்கர வண்டிக்குத்தான் கியர் உள்ளது, இல்லாதது என்ற பிரிவு. காருக்கு எல்.எம்.வி., அதாவது இலகுரக வாகனம் என்று ஒரே வகைதான்.

ஒரு பயம் எனக்கு உண்டு, அதை மறைக்கவில்லை. மேனுவல் வண்டியில் பதறிப்போய்க் கண்டபடி காலை எடுத்தால் பெரும்பாலும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆகிவிடும். வெட்கமாக இருக்கும், ஆனால் யாருக்கும் அடிபடாது. ஆட்டோமேட்டிக் அப்படி ஆஃப் ஆகாது. பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் மிதித்த அளவுக்குப் பாயும். சுவரில் ஏறிய வண்டிகள், கடைக்குள் புகுந்த வண்டிகள் என்று கேள்விப்படுகிறோமே, அதில் பல இப்படி நடப்பவைதான். மேனுவல் ஓட்டிய பழக்கத்தில் இடது காலால் கிளட்ச் என்று நினைத்துப் பிரேக்கை ஓங்கி மிதிப்பவர்களும் உண்டு. முதல் வாரம் நானே அதைச் செய்வேன் என்று நினைக்கிறேன். அதனால் வீட்டில் சட்டம் போட்டாயிற்று. இடது கால் ஓரத்தில் உள்ள மேடையில் இருக்கும், அதற்கு வேலையே கிடையாது. இரண்டு பெடலுக்கும் வலது கால் மட்டும். பிரேக்கை மிதித்தபடிதான் லீவரை நகர்த்த வேண்டும். லீவர் D-யில், அதாவது ஓட்டுகிற நிலையில் இருக்கும்போது கேட்டைத் திறக்க இறங்கவே கூடாது, காலை எடுத்தாலே தானாக நகருகிற வண்டி அது. உன் அம்மை இதை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள். டீச்சர் அல்லவா, என்னையும் ஒப்பிக்கச் சொல்கிறாள்.

இனி நீ அனுப்பிய மாடலுக்கு வருகிறேன். அது ஏ.எம்.டி. என்கிற ஆட்டோமேட்டிக் வகை. விலை குறைவு, மைலேஜ் நல்லது, ரிவ்யூவும் நல்லது. எதையும் மறுக்கவில்லை. 2014-இல் மாருதி செலெரியோவில் அது வந்த பிறகுதான் நம்மைப் போன்றவர்களுக்கு ஆட்டோமேட்டிக் என்பது கைக்கு எட்டியது. ஆனால் உள்ளே இருப்பது என்ன தெரியுமா? பழைய மேனுவல் கியர்பாக்ஸேதான், அதே கிளட்ச் பிளேட்தான். நம் காலும் கையும் செய்கிற வேலையை ஒரு மோட்டாரும் கம்ப்யூட்டரும் செய்கின்றன, அவ்வளவுதான். அதனால்தான் மேனுவலைவிட ஐம்பதாயிரம் ரூபாய் அளவில்தான் விலை கூடுகிறது. கியர் மாறும்போது பூம்பூம் மாடு மாதிரி ஒரு தலையாட்டு ஆட்டும். அது பழகிவிடும். எனக்கு வருத்தம் வேறு இடத்தில்.

நம் விளை ஏற்றம். மெயின் ரோட்டில் இருந்து வீட்டுக்கு வருகிற அந்தக் கான்கிரீட் பாதையை நீ மறந்திருக்க மாட்டாய். இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, வருஷத்தில் பாதி நாள் அதில் பாசியும் ரப்பர் இலையும்தான். பாதி ஏற்றத்தில் எதிரே பால்வண்டி வரும், நிறுத்த வேண்டும். மறுபடி எடுக்கும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டருக்குப் போகிற அந்த நொடி இருக்கிறதே, அதில் ஏ.எம்.டி. கொஞ்சம் யோசிக்கும். கிளட்ச் பிடிக்கும் முன் வண்டி பின்னால் உருளும். ஹில் ஹோல்டு இருக்கிற மாடல் என்றால் பிரேக்கை ஓரிரு நொடி தானே பிடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் ஹேண்ட்பிரேக் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது கிளட்ச் பிளேட்டை எரிப்பதற்குச் சுருக்கு வழி. ஏற்றத்தில் வண்டி ஆஃப் ஆனதற்காகத்தான் உன் அம்மை அன்று இறங்கிப் போனாள். இப்போது பின்னால் உருளுகிற ஒன்றை வாங்கிக் கொடுத்தால் ஒரு மாதத்தில் போர்வை போட்டு மூடி வைத்துவிடுவாள்.

அதனால் என் மனசு சி.வி.டி. பக்கம், இல்லை என்றால் டார்க் கன்வெர்ட்டர். டார்க் கன்வெர்ட்டரில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட்டுக்குப் பதிலாக ஆயில்தான் விசையைக் கடத்தும். அதனால் பையப் பைய ஊர்ந்து ஏறும், நெரிசலில் தேய்ந்துபோக அங்கே எதுவும் இல்லை. பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும். சி.வி.டி.யில் பல்சக்கரப் படிகளே கிடையாது. இரண்டு கப்பிகள், நடுவில் ஒரு இரும்புப் பெல்ட், கப்பிகள் அகன்றும் குறுகியும் விகிதத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். கியர் மாறுவதே தெரியாது. முந்துவதற்கு ஓங்கி மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் அப்புறம் வரும், மாப்பிள்ளைக்கு அது பிடிக்காது. நாங்கள் யாரையும் முந்தப் போவதில்லை. இதற்கு ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது, அதை நான் பார்த்துக்கொள்வேன்.

இரட்டைக் கிளட்ச் என்று ஒன்று இருக்கிறதே, டி.சி.டி., அதை நீ கேட்கவே வேண்டாம். நெடுஞ்சாலையில் அருமையாக ஓடும். சந்தை நெரிசலில் ஊர்ந்தால், அதிலும் டிரை கிளட்ச் வகை என்றால், சூடேறிப் போகும். பழுதானால் செலவைக் கேட்டு நமக்குச் சூடேறும்.

பணம் கூடுமே என்பாய். மேனுவலைவிட லட்சம் ரூபாய், சிலதில் அதற்கு மேலும் கூடும். சன்ரூஃப், பெரிய ஸ்கிரீன், கலர் கலராக விளக்கு என்று டாப் மாடலை நீ குறித்து வைத்திருக்கிறாய். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் கூரையை யார் திறப்பார்கள்? அதையெல்லாம் விட்டுவிட்டுக் கீழே உள்ள மாடலை நல்ல கியர்பாக்ஸோடு எடு, கணக்கு கிட்டத்தட்டச் சரியாகிவிடும். கேமராவை மட்டும் விட்டுவிடாதே, கருங்கலில் பாட்டி வீட்டுச் சந்தில் ரிவர்ஸ் எடுக்க அது வேண்டும்.

பேச்சிப்பாறைக்கும் காளிகேசத்துக்கும் போகும்போது இறக்கத்தில் என்ன செய்வீர்கள் என்று மாப்பிள்ளை கேட்டிருந்தார். நல்ல கேள்விதான். D-யில் விட்டுவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடாகும். லீவரில் L என்ற குறைந்த கியர் நிலை இருந்தால் அதில் போட வேண்டும், லீவரால் கியரைக் குறைக்கிற வசதி இருந்தால் இரண்டாவதுக்கு இறக்க வேண்டும், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிற வேலை எந்த வண்டியிலும் கூடாது. மேனுவலின் ஒரே ஒரு சௌகரியத்தை மட்டும் நான் இழப்பேன். பேட்டரி இறங்கினால் நாலு பேர் தள்ள, இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டு ஸ்டார்ட் செய்வோமே, அது இதில் நடக்காது. ஜம்பர் கேபிள் ஒன்று வாங்கி டிக்கியில் போட்டுவிடலாம். வழியில் நின்றாலும் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். இன்சூரன்ஸில் அதற்கும் சேர்த்துப் போடச் சொல்லு.

பழைய வண்டியை விற்றுவிட்டு அந்தப் பணத்தைப் போடலாம் என்று நீ எழுதியதை மட்டும் நான் படிக்கவில்லை. அது கிடக்கட்டும். ரப்பர் ஷீட் ஏற்றுவதற்குப் புது வண்டியையா எடுக்க முடியும், நாற்றம் ஆறு மாதத்துக்குப் போகாது.

இப்போதைக்கு எங்கும் அட்வான்ஸ் அனுப்பிவிடாதே. நாகர்கோவில் ஷோரூம்காரர்கள் டெஸ்ட் டிரைவ் என்று நேரான சாலையில் ஒரு சுற்றுக் காட்டிவிட்டுக் கையெழுத்துக் கேட்பார்கள். வண்டியை நம் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், ரொம்பத் தூரம் என்று முனகினார்கள், வருவார்கள். மழை பெய்த மறுநாள் காலையில், நான்கு பேர் உட்கார்ந்து, ஏ.சி. போட்டு, விளை ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்துப் பார்க்கப் போகிறேன். இரண்டு மாடலையும் அதே இடத்தில். அப்புறம் உன் அம்மையைப் பக்கத்து ஸ்கூல் மைதானத்தில் உட்கார வைத்து, சீட்டும் பெடலும் அவள் உயரத்துக்குச் சரியாக எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அது முடிந்ததும் எந்த மாடல், எவ்வளவு என்று எழுதுகிறேன். கலர் பற்றி மட்டும் நீயும் மாப்பிள்ளையும் பேச வேண்டாம், அதை அவள் ஏற்கனவே முடிவு செய்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா