அந்த இன்டர்வியூ பற்றி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் போட மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபிக்காதே. அம்மாவின் கால்வலி இப்போது பரவாயில்லை, சின்னவள் மொண்டிசூரிக்குப் போகத் தொடங்கிவிட்டாள், இவருக்கு வழக்கமான அலைச்சல்தான். கணக்கு வேலைக்குப் போன இன்டர்வியூ என்ன ஆனது என்று கேட்டிருந்தாய். அதை எழுத மனம் வராமல்தான் இவ்வளவு நாள் இழுத்தேன்.

நான் எப்படி ஆயத்தப்படுத்தினேன் என்று உனக்குத் தெரியவேண்டும். 2022 கடைசியில் வேலையை விட்டபோது வற் என்கிற பெறுமதி சேர் வரி 15 வீதம், 2024 ஜனவரியில் அது 18 ஆகிவிட்டது. சம்பள வரியில் வருடம் 12 இலட்சமாக இருந்த விலக்கு 2025 ஏப்ரலில் இருந்து 18 இலட்சம், வரிப் படிகளும் மாறிவிட்டன. வீட்டில் இருந்த காலத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, பிள்ளை தூங்கிய பிறகு குசினி மேசையில் இருந்து பத்து நாள் படித்தேன், மாதிரிச் சம்பளப் பட்டியல் கூடப் போட்டுப் பார்த்தேன்.

அன்று கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் ஏறி கொள்ளுப்பிட்டியில் இறங்கி, சொன்ன ஒன்பது மணிக்கு இருபது நிமிடம் முன்பே போய்விட்டேன். வாசலில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். கூப்பிட்டது பதினொன்றேகாலுக்கு. தாமதத்துக்கு ஒரு வார்த்தை இல்லை, சரி, அதைக்கூட விட்டுவிடலாம்.

உள்ளே மூன்று பேர். என் விண்ணப்பத்தை அங்கேதான் முதல் தடவையாகப் புரட்டினார்கள், அது நன்றாகவே தெரிந்தது. முதல் கேள்வி, கணவர் எங்கே வேலை? இரண்டாவது, பிள்ளைக்கு எத்தனை வயது, யார் பார்ப்பது? அம்மா இருக்கிறா என்றேன். அம்மாவுக்கு வருத்தம் வந்தால்? அப்புறம் அந்த நடுவில் இருந்தவர், அடுத்த பிள்ளை எப்போது என்று கேட்டார். நான் பேசாமல் இருந்தேன். 84 நாள் பிரசவ லீவு சம்பளத்தோடு கொடுக்கவேண்டும் என்பது சட்டம், அந்தக் கணக்கைத்தான் அவர் என் முகத்துக்கு முன்னால் போட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்கு விளங்கியது. வற் பற்றி ஒரு கேள்வி இல்லை. கணக்கு பற்றி ஒரு கேள்வி இல்லை. ஏழு வருடம் நான் செய்த வேலையைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது.

சம்பளக் கதை வந்தபோது விளம்பரத்தில் போட்ட தொகையைச் சொன்னார்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். பாதிக்கும் குறைவு, மிச்சமெல்லாம் பயணப்படி. ஈ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதிக்கு அவர்கள் பங்கு 12 வீதம், நம் பங்கு 8 வீதம், ஈ.ரி.எப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர்கள் பங்கு 3 வீதம், இதெல்லாம் பயணப்படிக்கு இல்லை என்று உனக்குத் தெரியும். வீட்டில் இருந்து வேலை செய்பவருக்கும் இதே பயணப்படிதானா என்று கேட்டேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அத்தோடு முடிந்தது, மொத்தம் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்.

ரயிலுக்கு நிற்காமல் மரைன் டிரைவ் வழியாக வெயிலில் வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான். ஒரு கிழமையில் அறிவிப்போம் என்றவர்கள் இன்றுவரை ஒரு ஈமெயில் கூடப் போடவில்லை. வேலை இல்லை என்றால் இல்லை என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ஒரு கிழமையும் நான் வேறு எதற்கும் விண்ணப்பிக்காமல் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

நீ இப்போது திருகோணமலையில் ஆட்களை எடுக்கும் பக்கம் இருக்கிறாய். உண்மையைச் சொல்லு, நீங்களும் பெண்களிடம் இதைக் கேட்பீர்களா? கேட்காவிட்டாலும் மனதுக்குள் அந்தக் கணக்கைப் போடுவீர்களா? என்னைச் சமாதானப்படுத்த எழுதாதே, நடப்பதை எழுது, அடுத்த தடவை அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவேண்டும். வருகிற செவ்வாய் பம்பலப்பிட்டியில் இன்னொன்று இருக்கிறது, அதற்கு முன் உன் பதில் வந்தால் நல்லது.

ஆடிவேல் திருவிழாவுக்கு வருவதாகச் சொன்னாயே, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நேரே வீட்டுக்கு வா.

அன்புடன்,
உன் தோழி